யுவி ஃபிளேம் டிடெக்டர்: எப்படி வேலை செய்கிறது, எங்கே வைக்கலாம், எங்கே வைக்கவே கூடாது

ஒரு பாய்லர் அறையில் பார்த்தது. பர்னரைப் பற்றவைத்தால் சுடர் அழகாக எரிகிறது. பார்வைத் துளையில் கண்ணை வைத்தால் நீலமும் மஞ்சளுமாக நன்றாகத் தெரிகிறது. ஆனால் சில விநாடிகளில் கன்ட்ரோலர் ‘சுடர் இல்லை’ என்று முடிவு கட்டி, எரிபொருள் வால்வை மூடி, லாக்அவுட்டுக்குப் போய்விடுகிறது, அதாவது தன்னைப் பூட்டிக்கொள்கிறது. யுவி டியூபை, அதாவது சுடரின் புற ஊதாக் கதிரைப் (யுவி) பார்க்கும் பல்பை, மாற்றினார்கள். கேபிளை மாற்றினார்கள். கன்ட்ரோலரையே மாற்றினார்கள். இரண்டு நாள் போனது. கடைசியில் ஒரு மூத்த ஃபிட்டர் வந்து, ஸ்கேனருக்கு (டியூப் உட்கார்ந்திருக்கும் கருவி) முன்னால் இருந்த வட்டக் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “இதை எங்க வாங்கிப் போட்டீங்க?” என்று கேட்டார். பழைய வில்லை போன மாதம் உடைந்திருக்கிறது. அவசரத்துக்குத் தெருமுனைக் கண்ணாடிக் கடையில் அதே அளவுக்கு வெட்டி வாங்கிப் போட்டிருக்கிறார்கள். பளிங்கு மாதிரி தெளிவான கண்ணாடிதான். ஆனால் புற ஊதாக் கதிருக்கு அது சுவர். குவார்ட்ஸ் வில்லை வந்து மாட்டியதும் பாய்லர் ஓட ஆரம்பித்தது.

இந்தக் கதையில் இரண்டு நாள் உற்பத்திதான் நஷ்டம். அதே கண்ணாடியை ஒரு எரிபொருள் கிடங்கின் தீ எச்சரிக்கை டிடெக்டரில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றுமே ஆகியிருக்காது. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கும். உண்மையில் தீ பிடிக்கும் நாள் வரை யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

யுவி டிடெக்டரைப் பற்றி முதலில் மனதில் வாங்க வேண்டியது இதைத்தான். ஒரே டியூப் இரண்டு வேலை பார்க்கிறது. பர்னரில் அது ‘தீ இருக்கிறதா’ என்று காவல் இருக்கிறது. மற்ற இடங்களில் ‘தீ வந்துவிட்டதா’ என்று காவல் இருக்கிறது. கேள்வி ஒன்றுபோலத் தோன்றினாலும் ஆபத்து நேர் எதிர்ப் பக்கத்தில் இருக்கிறது. பர்னரில் டியூப் குருடானால் பாய்லர் நிற்கும், அவ்வளவுதான். இல்லாத சுடரை இருப்பதாகச் சொன்னால்தான் உயிருக்கு ஆபத்து. கிடங்கில் இல்லாத தீயைச் சொன்னால் எரிச்சல், குருடானால் ஆபத்து. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இந்த வேறுபாடு தலைகாட்டும்.

சுடரில் எதைத் தேடுகிறோம்

புகை டிடெக்டர் புகை வந்து சேரும்வரை காத்திருக்கும். வெப்ப டிடெக்டர் சூடு வந்து சேரும்வரை காத்திருக்கும். ஃபிளேம் டிடெக்டருக்கு எதுவும் வந்து சேர வேண்டாம். ஒளி வந்தால் போதும். அதனால்தான் உயரமான கூரை, திறந்தவெளி, காற்று வீசும் இடங்களில் இது கைகொடுக்கிறது.

ஆனால் எந்த ஒளி? கண்ணுக்குத் தெரியும் மஞ்சள் வெளிச்சத்தை நம்பினால் சூரியனும் பல்பும் குழப்பும். யுவி டிடெக்டர் பார்ப்பது 185 முதல் 260 நானோமீட்டர் வரையிலான ஒரு குறுகிய பட்டையை மட்டுமே. சூரியனிடமிருந்தும் இந்தக் கதிர் கிளம்புகிறது. ஆனால் மேலே இருக்கும் ஓசோன் படலம் ஏறக்குறைய 280 நானோமீட்டருக்குக் கீழுள்ள எதையும் தரைக்கு விடுவதில்லை. ஆக, உச்சி வெயிலில் நின்றாலும் இந்தப் பட்டையைப் பொறுத்தவரை உலகம் கும்மிருட்டுதான். அந்த இருட்டில் ஒரு தீக்குச்சி எரிந்தாலும் பளிச்சென்று தெரியும்.

சுடர் ஏன் யுவியை வெளியிடுகிறது? வெறும் சூட்டினால் அல்ல. சுடரின் சூட்டில் இருக்கும் ஒரு பொருள், சூட்டினால் மட்டும் இந்தப் பட்டையில் வெளியிடும் ஒளி மிகச் சொற்பம். எரிதல் என்ற வேதிவினையின் நடுவே பிறக்கும் ஹைட்ராக்சில் போன்ற துண்டு மூலக்கூறுகள் கிளர்ந்த நிலையிலிருந்து இறங்கும்போது யுவியைக் கக்குகின்றன. அதனால் யுவி அதிகம் வருவது வினை நடக்கும் இடத்தில், அதாவது சுடரின் அடிப்பகுதியில். நுனியில் ஆடும் மஞ்சள் நாக்கு கண்ணுக்கு விருந்து, டிடெக்டருக்கு வெறும் அலங்காரம். பர்னரில் ஸ்கேனரை எங்கே குறிபார்க்க வேண்டும் என்பதற்கு விடை இதிலேயே இருக்கிறது.

டியூபுக்குள் நடப்பது

பார்ப்பதற்குச் சின்ன பல்பு மாதிரி. உள்ளே இரண்டு உலோக முனைகள், குறைந்த அழுத்தத்தில் வாயு, வெளியே யுவியை விடும் குவார்ட்ஸ் அல்லது அதற்கென்றே செய்த கண்ணாடி. முனைகளுக்கு இடையே சில நூறு வோல்ட் நிற்கிறது. இருட்டில் ஒன்றும் நடக்காது.

யுவி ஒளித்துகள் ஒன்று எதிர்மின் முனையில் விழுந்து ஒரே ஒரு எலெக்ட்ரானைத் தட்டி வெளியேற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எலெக்ட்ரான் எதிர்ப்பக்கம் ஓடும்போது வாயு அணுக்களில் மோதி மேலும் எலெக்ட்ரான்களைப் பிடுங்குகிறது. அவை மேலும் பிடுங்குகின்றன. கண் இமைக்கும் நேரத்துக்குள் சரிவு மாதிரி பெருகி, டியூப் முழுக்க மின்சாரம் பாய்ந்துவிடுகிறது. கதிரியக்கத்தை அளக்கும் கைகர் கவுண்டரின் அதே தத்துவம்தான். பாய்ந்தவுடன் சுற்று மின்னழுத்தத்தைக் கீழே இறக்கி டியூபை அணைக்கும், மறுபடி ஏற்றும். ஒவ்வொரு பாய்ச்சலும் ஒரு துடிப்பு. விநாடிக்கு இத்தனை துடிப்பு வந்தால் தீ, அதற்குக் குறைந்தால் பின்னணிச் சலசலப்பு என்று மின்னணுப் பகுதி முடிவு செய்கிறது.

சூரியனை விலக்குவதற்குத் தனி வடிகட்டி எதுவும் வேண்டாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். எதிர்மின் முனையின் உலோகமே வடிகட்டி. நிக்கல் போன்ற உலோகத்திலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கச் சுமார் 5 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். ஒளித்துகளின் ஆற்றலை அலைநீளமாக மாற்ற உதவும் எண் 1240. அதை 5-ஆல் வகுத்துப் பாருங்கள்: 248. அந்த நானோமீட்டர் அளவைவிட ரொம்ப நீளமான அலை எவ்வளவு பிரகாசமாக வந்தாலும், ஒரு துகளுக்குக்கூட எலெக்ட்ரானை அசைக்கும் தெம்பு கிடையாது. சூரிய ஒளி கோடிக்கணக்கில் வந்து மோதிவிட்டுப் போகும். டியூப் சும்மா இருக்கும்.

இந்த ஒளிமின் விளைவை 1887-இல் ஹென்ரிக் ஹெர்ட்ஸ் தற்செயலாகக் கண்டார். ஒரு தீப்பொறியின் ஒளி படும்போது இன்னொரு தீப்பொறி எளிதாகத் தாவியது. நடுவே கண்ணாடி வைத்தால் அந்த விளைவு குறைந்தது, குவார்ட்ஸ் வைத்தால் குறையவில்லை. அதற்கு விளக்கம் சொன்னவர் ஐன்ஸ்டைன், 1905-இல். 1921-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அதற்காகத்தான். நம் பாய்லர் அறைக்காரர்கள் இரண்டு நாள் செலவழித்துக் கண்டுபிடித்தது, ஹெர்ட்ஸ் நூற்றுச் சொச்சம் ஆண்டுக்கு முன்பே எழுதி வைத்ததுதான்.

படி 1: எரியப்போவது என்ன என்று எழுதுங்கள்

டிடெக்டர் விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் அந்த இடத்தில் எரியக்கூடிய பொருளை எழுதுங்கள். சுடரோடு எரிவதா, கனன்று எரிவதா? திருப்பூர்ப் பக்கம் பஞ்சுக் கிடங்கு வைத்திருப்பவர் யுவி டிடெக்டர் வாங்கினால் பணம் வீண். பஞ்சு பேல் உள்ளுக்குள்ளேயே மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். சுடர் வெளியே வரும்போது விஷயம் கைமீறியிருக்கும். காகிதம், தென்னை நார், மரத்தூள் எல்லாம் அதே வகை. அங்கே புகை டிடெக்டர்தான் சரி. வீட்டுக்கும் அதுவேதான்.

யுவியின் சொந்த ஊர், பற்றிய கணத்திலேயே சுடராக எழும் பொருள்கள்: பெட்ரோல், எல்பிஜி, இயற்கை எரிவாயு, ஆல்கஹால். அதிலும் ஹைட்ரஜன். ஹைட்ரஜன் சுடரில் கரி இல்லை, அதனால் புகையும் இல்லை, மஞ்சள் வெளிச்சமும் இல்லை. பகலில் பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்க ராக்கெட் தளங்களில் ஒரு காலத்தில் தொழிலாளர்கள் வைக்கோல் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தார்கள். துடைப்பம் பற்றினால் அங்கே தீ இருக்கிறது என்று அர்த்தம். கரியமில வாயு வெளியிடும் 4.3 மைக்ரான் அகச்சிவப்பைத் தேடும் சாதாரண ஐஆர் டிடெக்டரும் ஹைட்ரஜனிடம் தோற்றுப்போகும், ஏனென்றால் அந்தச் சுடரில் கரியமில வாயுவே கிடையாது. யுவிக்கு அது பளிச்சென்று தெரியும். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோ கிரையோஜெனிக் எஞ்சின்களைச் சோதிப்பது திரவ ஹைட்ரஜனை வைத்துத்தான். உப்புக் கரைசலிலிருந்து குளோரின் எடுக்கும் ஆலைகளிலும் ஹைட்ரஜன் துணைப்பொருளாக வருகிறது. இப்படிப்பட்ட இடங்களில் யுவியையோ, ஹைட்ரஜனுக்கென்றே செய்த ஐஆர் வகையையோதான் யோசிக்க வேண்டும். மெக்னீசியம் போன்ற உலோகத் தீ, கந்தகத் தீ ஆகியவற்றையும் யுவி பிடிக்கும்.

படி 2: அறையைச் சுற்றிவந்து இரண்டு பட்டியல் போடுங்கள்

அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி இது. பலர் தாண்டிப் போவதும் இதையே.

முதல் பட்டியல்: தீ இல்லாமலே யுவியை வெளியிடுபவை. தலைமை வில்லன் ஆர்க் வெல்டிங். பல நூறு மீட்டர் தொலைவில் நடக்கும் வெல்டிங்கூட நேர்ப்பார்வையில் இருந்தால் டியூபைத் தூண்டிவிடும். பக்கத்துத் தொழிற்சாலையில் நடக்கும் வெல்டிங் உங்கள் ஃபோம் (தீயணைக்கும் நுரை) அமைப்பைத் திறந்துவிட்டால் யாரைக் கேட்பது? அடுத்தது மின்னல். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திறந்தவெளி யுவி டிடெக்டரை நம்பி இருப்பவர்களுக்கு அக்டோபர், நவம்பர் தூக்கம் கெட்ட மாதங்கள். உயர் அழுத்த மின்கம்பிகளில் வரும் கொரோனாக் கசிவு, மோட்டார் பிரஷ் பொறி, மேல் கண்ணாடி உடைந்த பின்னும் எரிந்துகொண்டிருக்கும் மெட்டல் ஹாலைடு விளக்கு, மூடி இல்லாத குவார்ட்ஸ் ஹாலஜன் விளக்கு ஆகியவையும் சேரும்.

கோவிட் காலத்தில் பல இடங்களில் கிருமி கொல்லும் யுவிசி விளக்கை மாட்டினார்கள். அது வெளியிடுவது 254 நானோமீட்டர், அதாவது டியூப் பார்க்கும் பட்டைக்குள்ளேயே. சாதாரண டியூப்லைட்டிலும் உள்ளே 254 பிறக்கிறது, ஆனால் அதன் கண்ணாடி வெளியே விடாது; அதனால் பயமில்லை. ஈ பிடிக்கும் நீல விளக்கின் அலை நீளம் அதிகம். அதனாலும் தொல்லை இல்லை.

ஒளியே இல்லாத இரண்டு பேரையும் பட்டியலில் சேருங்கள்: எக்ஸ்ரே, காமா கதிர். குழாய் வெல்டிங்கைச் சோதிக்க இரிடியம் மூலத்தை வைத்து ரேடியோகிராஃபி எடுப்பார்கள். சுவர் தாண்டி வரும் அந்தக் கதிர் டியூபுக்குள் வாயுவை நேரடியாக அயனியாக்கி ‘தீ’ என்று கத்தவைக்கும். கைகர் கவுண்டரின் உறவுக்காரன் அல்லவா!

இரண்டாவது பட்டியல்: தீ இருந்தும் யுவியை மறைப்பவை. இதைத்தான் நான் அதிகம் பயப்படச் சொல்வேன், ஏனென்றால் முதல் பட்டியல் சத்தம் போடும், இது போடாது. எண்ணெய்ப் படலம் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக இருந்தாலும் போதும், வில்லைக்கு முன்னால் சுவர் எழும்பிவிடும். சில ஆவிகளும் அப்படியே: அசிட்டோன், டொலுவீன், பென்சீன், சைலீன், ஸ்டைரீன், அம்மோனியா, ஹைட்ரஜன் சல்ஃபைடு. கண்ணுக்கு அவை நிறமற்றவை, யுவிக்குத் திரை. பெயின்ட் தெளிக்கும் கூடத்தில் கரைப்பான் ஆவி ஒரு பக்கம், வில்லையில் படியும் பெயின்ட் தூசி இன்னொரு பக்கம். கசிவு ஏற்பட்டு ஆவி நிறைந்த அறையில்தான் தீ பிடிக்கும். அதே ஆவிதான் டிடெக்டரின் கண்ணைக் கட்டுகிறது. டீசல் தீ எழுப்பும் கரும்புகையும் அப்படித்தான்: முதல் விநாடிகளில் தெரியும், புகை சூழ்ந்தால் மறையும். கூரை ஓரத்தில் புகை தேங்கும் உயரத்தில் டிடெக்டரை மாட்டாதீர்கள்.

இரண்டு பட்டியலும் நீளமாக இருந்தால் யுவியை மட்டும் வைக்கும் எண்ணத்தை விடுங்கள். முதல் பட்டியல் மட்டும் நீளமாக இருந்தால் யுவி-ஐஆர் இணைந்த வகை நல்லது. இரண்டும் சேர்ந்து ‘ஆம்’ என்றால்தான் அலாரம் அடிக்கும், வெல்டிங்குக்கு ஏமாறுவது வெகுவாகக் குறையும். ஆனால் இரண்டாவது பட்டியல் நீளமாக இருந்தால் அந்த வகையும் உதவாது: யுவி பக்கம் குருடாகிவிட்டால் ஐஆர் எவ்வளவு கத்தினாலும் ஒத்துழைப்பு கிடைக்காது. அங்கே மூன்று அலைநீளம் பார்க்கும் ஐஆர் வகைக்குப் போங்கள்.

படி 3: தூரமும் கோணமும்

தூரம் இரட்டித்தால் வந்து சேரும் ஒளி நாலில் ஒன்றாகும். ஆகவே 10 மீட்டரில் ஒரு தட்டளவு தீயைப் பிடிக்கும் கருவிக்கு 20 மீட்டரில் நாலு தட்டளவு தீ வேண்டும்.

ஐரோப்பாவின் ஈஎன் 54-10 தரம் ஃபிளேம் டிடெக்டர்களை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது: குறிப்பிட்ட சோதனைத் தீயை 25 மீட்டரில் பிடித்தால் முதல் வகுப்பு, 17 மீட்டரில் இரண்டாவது, 12 மீட்டரில் மூன்றாவது. எண்கள் ஏன் இப்படி ஒழுங்கில்லாமல் இருக்கின்றன என்று தோன்றலாம். வர்க்கப்படுத்திப் பாருங்கள்: 625, 289, 144. ஒவ்வொரு வகுப்பும் முந்தையதில் ஏறக்குறைய பாதிக் கூர்மை.

விவரத்தாளில் ‘15 மீட்டர்’ என்று போட்டிருந்தால் அடுத்த கேள்வியை உடனே கேளுங்கள்: எந்த எரிபொருள், எவ்வளவு பெரிய தட்டு, நேர் எதிரிலா? பெட்ரோலுக்கோ ஹெப்டேனுக்கோ சொன்ன தூரம் மெத்தனாலுக்குப் பொருந்தாது. பார்வைக் கூம்பு பொதுவாக 90 முதல் 120 டிகிரி வரை இருக்கும். ஆனால் ஓரத்தில் தூரம் நடுவில் உள்ளதில் பாதியளவுக்குக்கூட இறங்கலாம். வரைபடத்தில் காம்பஸ் வைத்து வட்டம் போட்டு ‘எல்லாம் மூடியாச்சு’ என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஓரம் சுருங்கிய பூவிதழ் வடிவத்தில் வரைய வேண்டும்.

படி 4: மாட்டுவது

தீ எதிர்பார்க்கும் இடத்தைத் தடையில்லாமல் பார்க்கும்படி, எதிரெதிர் மூலைகளில் குறைந்தது இரண்டு டிடெக்டர் வையுங்கள். ஒன்றுக்கு டேங்கர் லாரி மறைத்தால் மற்றது பார்க்கும். லாரி நிற்காத வேளையில் அளவெடுத்து, லாரி வந்து நின்றதும் ஏமாந்தவர்கள் உண்டு. லோடிங் இடத்தை லாரி நிற்கும்போதே போய்ப் பாருங்கள்.

முகத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டுங்கள். தூசியும் மழைநீரும் வில்லையில் தங்காது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு: அடிவானம் பார்வையில் விழக் கூடாது. அடிவானத்தில்தான் மின்னலும் அடுத்தவன் வெல்டிங்கும் இருக்கின்றன. ஆடும் தகரத்திலோ மெல்லிய குழாயிலோ மாட்ட வேண்டாம். ஏணியைத் தூக்கி வராமல் வில்லையைத் துடைக்க முடிகிற உயரமாக இருந்தால் இன்னும் நல்லது. கை எட்டாத டிடெக்டரை யாரும் துடைப்பதில்லை, இது மனித இயல்பு. எரிவாயு சூழும் இடமென்றால் அந்த மண்டலத்துக்குரிய எக்ஸ் சான்று (வெடிப்பைத் தூண்டாது என்ற சான்று) உள்ள வெளி உறையும், கேபிள் நுழையும் இடத்தை இறுக்கும் கிளாண்டும் கட்டாயம். இந்தியாவில் தீ எச்சரிக்கை அமைப்பின் தேர்வு, நிறுவல், பராமரிப்புக்கு ஐஎஸ் 2189 என்ற தரம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் அதைப் பெயர் சொல்லிச் சேருங்கள்.

படி 5: எவ்வளவு அவசரம்?

டியூப் சில மில்லிவிநாடிகளில் பதில் சொல்லிவிடும். அந்த வேகத்தை அப்படியே எடுத்துக்கொள்வதா, 2, 3 விநாடி காத்திருந்து உறுதி செய்வதா என்பது உங்கள் முடிவு. மின்னலும் தனிப் பொறியும் தாமதத்தால் கழிந்துவிடும். வெல்டிங் கழியாது; வெல்டர் ஒரு ராடு முடியும்வரை கையை எடுக்கமாட்டார்.

சாதாரண எரிபொருள் இடத்துக்கு 3 விநாடித் தாமதம் தாராளம். வெடிமருந்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. அங்கே அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 15 தரம் சொல்லும் அதிவேக நீர்த்தெளிப்பு, சுடர் தெரிந்ததிலிருந்து 100 மில்லிவிநாடிக்குள் முனையில் தண்ணீர் வந்தாக வேண்டும் என்கிறது. குழாயில் முன்கூட்டியே தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும், வால்வு கண்ணிமைக்கும் முன் திறக்க வேண்டும். சிவகாசிப் பக்கம் மருந்து கலக்கும் அறைகளுக்கு யுவி டிடெக்டர் வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: டிடெக்டர் மட்டும் வைத்தால் விபத்தைப் பதிவு செய்யும், தடுக்காது. பின்னால் அந்த வேகத்தில் தண்ணீர் இல்லையென்றால் அந்தப் பணத்தை அறைக்குள் இருக்கும் மருந்தின் அளவையும் ஆளின் எண்ணிக்கையையும் குறைப்பதில் செலவழிப்பது மேல்.

அலாரம் அடித்தவுடன் தானாக ஃபோம் கொட்டும் அமைப்பாக இருந்தால் ஒற்றை டிடெக்டரை நம்பவே வேண்டாம். மூன்றில் இரண்டு ‘தீ’ என்றால்தான் கொட்டும், ஒன்று மட்டும் சொன்னால் மணி மட்டும் அடிக்கும் என்று பிரித்து வையுங்கள்.

படி 6: சோதிப்பது, துடைப்பது

எரிவாயு இருக்கும் இடத்தில் லைட்டரைக் கொளுத்திச் சோதிக்கும் வீரம் வேண்டாம். தயாரிப்பாளரே தரும் யுவி சோதனை விளக்கை வில்லைக்கு எதிரே காட்டினால் போதும். அதற்கு முன் ஃபோம், ஷட்டவுன் வெளியீடுகளை நிறுத்தி வைத்துவிட்டு, அதைப் பதிவேட்டில் நேரத்தோடு எழுதுங்கள். சோதனையைவிட, முடிந்ததும் மறுபடி இயக்கத்துக்குக் கொண்டுவர மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஆலைக்குள் வெல்டிங் அனுமதிச் சீட்டு கொடுக்கும்போதும் இதே கதைதான்: சீட்டிலேயே ‘டிடெக்டர் நிறுத்தப்பட்டது, திரும்ப இயக்கப்பட்டது’ என்று இரண்டு கையெழுத்துக்கு இடம் விடுங்கள்.

நல்ல டிடெக்டர்கள் வில்லையைத் தாமே சோதிக்கும். உள்ளே இருக்கும் சின்ன யுவி விளக்கு வில்லை வழியாக வெளியே போய், ஒரு வளையத்தில் பட்டுத் திரும்பி வருகிறதா என்று பார்த்து, வராவிட்டால் ‘கோளாறு’ என்று சொல்லும். முதலில் சொன்ன கண்ணாடிக் கடைக் கண்ணாடியை இது அன்றைக்கே பிடித்திருக்கும். ஆனால் இரண்டு அடி தள்ளி மிதக்கும் டொலுவீன் ஆவியை இது பார்க்காது. துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பஞ்சு உதிராத துணியும். இடுப்பில் செருகிய எண்ணெய்த் துணி கூடாது. விரலும் படக் கூடாது. விரல் ரேகையில் இருக்கும் பிசுக்கே யுவியை விழுங்கும்.

பர்னரில் வைக்கும்போது

இங்கே எல்லாவற்றையும் திருப்பிப் போட்டு யோசிக்க வேண்டும். இங்கே பயம், சுடர் அணைந்த பின்னும் டியூப் ‘எரிகிறது’ என்று சொல்வது. அப்போது எரிபொருள் வால்வு திறந்தே இருக்கும், அடுப்பு வாயுவால் நிரம்பும், ஏதோ ஒரு சூடான செங்கல் பற்றவைக்கும்.

இது இரண்டு வழியில் நடக்கும். ஒன்று, ஸ்கேனர் தவறான ஒளியைப் பார்ப்பது. பற்றவைக்கும் ஸ்பார்க்கிலும் யுவி இருக்கிறது; அதையே சுடர் என்று எண்ணிவிடும். பக்கத்துப் பர்னரின் சுடரையும் பார்க்கலாம். இதற்கு மருந்து குறிபார்ப்பது: பர்னர் சுடரின் முதல் மூன்றில் ஒரு பகுதியும் பைலட் சுடரும் (பெரிய பர்னரைப் பற்றவைக்கும் சின்னச் சுடர்) வெட்டும் இடத்தை நோக்கி, ஸ்பார்க் முனை நேரடியாகத் தெரியாதபடி. பொருத்திய பிறகு எரிவாயுவைக் கையால் மூடிவிட்டு ஸ்பார்க்கை மட்டும் ஓடவிடுங்கள். கன்ட்ரோலரில் ‘சுடர் இருக்கிறது’ என்ற விளக்கு எரிந்தால் குறி தப்பு, குழாயைத் திருப்புங்கள். அப்புறம் பைலட்டை மெல்ல மெல்லக் குறைத்து, ஸ்கேனர் ஒப்புக்கொள்ளும் மிகச் சிறிய பைலட்டாலும் பெரிய பர்னரைச் சீராகப் பற்றவைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஸ்கேனர் சரியான இடத்தைப் பார்க்கவில்லை. இந்த இரண்டையும் பர்னர் வேலை தெரிந்தவரை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

இரண்டாவது வழி, டியூபே கிழடாகி யுவி இல்லாமலே தொடர்ந்து பாய ஆரம்பிப்பது. வெளியிலிருந்து பார்த்தால் உறுதியான சுடர் சிக்னல். உண்மையில் டியூப் செத்துவிட்டது. ஒவ்வொரு முறை பற்றவைப்பதற்கு முன்னும் கன்ட்ரோலர் ‘இப்போது சுடர் இருக்கக் கூடாது’ என்று சரிபார்க்கும், இருந்தால் தொடங்க விடாது. ஆனால் வாரக்கணக்கில் நிற்காமல் ஓடும் பர்னரில் அந்தச் சரிபார்ப்பு நடக்கவே நடக்காது. அதனால்தான் 24 மணி நேரத்துக்குள் ஒரு தடவையாவது நின்று தொடங்கும் பர்னருக்கு மட்டும் சாதாரண யுவி ஸ்கேனர். தொடர்ந்து ஓடுவதற்கு ஷட்டர் உள்ள தற்சோதனை வகை வேண்டும்: சில விநாடிகளுக்கு ஒருமுறை ஒரு சின்ன மறைப்பு டியூபின் கண்ணை மூடும்; மூடிய பிறகும் சிக்னல் வந்தால் உடனே எரிபொருளை வெட்டும். விலை அதிகம்தான். சாயப்பட்டறை பாய்லர் வாரம் முழுக்க ஓடுமென்றால் பேரம் பேச வேண்டிய இடம் இதுவல்ல.

சுடர் அணைந்ததிலிருந்து வால்வு மூடும் வரை அமெரிக்காவின் என்எஃப்பிஏ 86 அனுமதிக்கும் அவகாசம் 4 விநாடி. அடிக்கடி டிரிப் ஆகிறது என்று எரிச்சல்பட்டு அந்த நேரத்தை நீட்டுவதையோ, ஸ்கேனர் முனைகளைக் கம்பி போட்டு இணைப்பதையோ யாராவது யோசனையாகச் சொன்னால், அவரை பாய்லர் அறைக்குள் விடாதீர்கள்.

ஸ்கேனர் கேபிளை இக்னிஷன் கேபிளோடு ஒரே குழாயில் இழுக்க வேண்டாம். பார்வைக் குழாய் வழியாகக் கொஞ்சம் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருங்கள். டியூபுக்குக் குளிர்ச்சி, வில்லையில் கரி படியாது. டியூபின் ஆயுள் பல மாடல்களில் 10,000 மணி நேர அளவு. இடைவிடாமல் ஓடினால் அது 14 மாதம்கூட ஆகாது. மாற்றிய தேதியை ஸ்கேனர் உடம்பிலேயே பெயின்ட் மார்க்கரால் எழுதுங்கள்.

ஆன்லைனில் வாங்கும் ‘ஃபிளேம் சென்சார்’

கல்லூரி புராஜெக்டுக்காக நூறு ரூபாய்க்கு வரும் கறுப்பு எல்இடி மாதிரியான சென்சார் யுவி அல்ல. அது 760 முதல் 1100 நானோமீட்டர் வரை பார்க்கும் அகச்சிவப்புச் சென்சார். ஜன்னல் வழியே வெயில் விழுந்தாலே ‘தீ’ என்று சொல்லும். ‘யுவி சென்சார்’ என்று விற்கும் சில மாட்யூல்கள் 240 முதல் 370 வரை பார்க்கின்றன. அவை வெயிலின் யுவியை அளக்கச் செய்தவை. உண்மையான டியூப் வேண்டுமென்றால் ஹமாமட்சுவின் யுவிட்ரான் வரிசையைப் பாருங்கள். ஆர்2868 என்ற சின்ன டியூப் 5 மீட்டர் தூரத்தில் இருக்கும் சிகரெட் லைட்டரின் சுடரைப் பிடித்துவிடும். ஓட்டச் சுமார் 325 வோல்ட் வேண்டும் என்பதால் அதற்கான டிரைவர் சர்க்யூட்டையும் சேர்த்தே வாங்குங்கள். வேலை செய்யும்போது அந்த முனைகளைத் தொட்டுப் பார்க்க வேண்டாம்.